வானிலை அளக்கும் வெப்பமானிகளை வைக்கும் பெட்டியான ஸ்டீவன்சன் ஸ்க்ரீனுக்குத் தமிழில் என்ன?

> ‘ஸ்டீவன்சன் திரை’ என்றே வைத்துக்கொள்ளலாமே? ஏன் புதுச் சொல்?

அண்ணே, வணக்கம். வகுப்பில் ‘திரை’ என்று சொல்லிப் பார்த்தேன். “எங்கே சார் கட்டணும்?” என்று ஒரு பையன் கேட்டான். அவன் மேல் தப்பில்லை. காரைக்குடிப் பக்கம் திரை என்றால் சாமிக்குப் போடுவது, இல்லையென்றால் சினிமா.

பொருளைப் பாருங்கள். நாலு காலில் நிற்கும் வெள்ளை மரப்பெட்டி, சுற்றிலும் இரட்டை அடுக்காகச் சாய்ந்த பலகைகள். உள்ளே உலர்குமிழ், ஈரத்துணி சுற்றிய ஈரக்குமிழ், அன்றைய அதிகபட்சம், குறைந்தபட்சம் காட்டுபவை என நாலு வெப்பமானிகள். தாமஸ் ஸ்டீவன்சன் கலங்கரை விளக்கம் கட்டிய பொறியாளர். 1860களில் இதை வடிவமைத்தார். வெயில் படக் கூடாது, தரையின் வெக்கை ஏறக் கூடாது, காற்று மட்டும் தாராளமாக வந்துபோக வேண்டும். அளப்பது காற்றின் வெப்பத்தை. வெயிலில் வைத்தால் வெப்பமானி தன் சூட்டைத்தான் சொல்லும். நம் வீட்டு முற்றத்தில் ஒன்று, தாழ்வாரத்து நிழலில் ஒன்று வைத்துப் பாருங்கள், ஒரே நிமிடத்தில் இரண்டு எண் வரும்.

> ‘வெப்பமானி மாடம்’?

கேட்க அழகாகத்தான் இருக்கிறது. ஆனால் விளக்கு மாடத்துக்கு ஒரு பக்கம்தானே திறப்பு? காற்று ஓடாது. ‘நிழற்குடை’யை பஸ் ஸ்டாப்புக்குக் கொடுத்தாயிற்று.

நான் சொல்வது ‘நிழற்கூண்டு’. தேவகோட்டைக்குக் கூண்டு வண்டியில் போன காலத்தை அப்பத்தா சொல்வார்: தலைக்கு மேல் வெயில் இறங்காது, முன்னும் பின்னும் காற்று ஓடும். இந்தப் பெட்டி செய்வதும் அதேதான்.

சொல்லில் இவ்வளவு பிடிவாதம் எதற்கு என்பீர்கள். பெட்டியின் வேலையைப் பெயரே நினைவூட்ட வேண்டும் என்றுதான். ஒரு நாள் வெயிலைச் சொல்ல அரை டிகிரி பிசகினால் யாரும் கேட்கப்போவதில்லை. காலநிலைக்கு 30 ஆண்டுச் சராசரி எடுக்கிறோம், இப்போது 1991 முதல் 2020 வரை. நடுவில் வெள்ளைப் பூச்சு மங்கினாலும், அடியில் இருந்த புல்லைச் செதுக்கிச் சிமெண்ட் போட்டாலும், பெட்டியையே வேறு இடத்துக்கு நகர்த்தினாலும் எண் மாறும். பிறகு அது ஊர் சூடானதா, பெட்டி சூடானதா என்று பிரிக்கவே பெரும்பாடு. நான் முன்பு வேலை பார்த்த பள்ளியில் இந்தப் பெட்டியின் கதவைத் தெற்குப் பார்த்துப் பொருத்தியிருந்தார்கள். தை மாதம் மத்தியானம் திறந்தால் வெயில் நேரே குமிழில் விழும். வடக்குப் பார்த்துத்தான் வைக்க வேண்டும். (நம் ஊரில் மே, ஜூனில் உச்சிச் சூரியன் வடக்கே சாய்ந்திருக்கும், அது தனிக்கதை. காலை 8.30 அளவை எடுக்கக் கதவைச் சட்டென்று திறந்து மூடினால் போதும்.)

> கூண்டு என்றால் கிளியும் கோர்ட்டும்தான் ஞாபகம் வருகிறது.

அதற்குத்தானே முன்னால் நிழல்! நிழல் + கூண்டு, ‘நிழற்கூண்டு’, நடுவில் ‘ற்’ என்ற ஒற்றை விட்டுவிடாதீர்கள். அப்புறம், அந்தச் சாய்ந்த பலகைகளுக்குச் ‘சாய்பலகை’ சரிவருமா? காரைக்குடித் தச்சர்களிடம் வேறு சொல் இருந்தால் அதையே எடுத்துக்கொள்வோம். ஞாயிற்றுக்கிழமை கேட்டுவிட்டு எழுதுகிறேன்.