பொருள்: மறு: பிரேக் ஃபேடு – ‘சூட்டுத்தளர்வு’ சரிவருமா?

குழுவினருக்கு வணக்கம். குன்னூரிலிருந்து எழுதுகிறேன். பிரேக் அளவுமீறிச் சூடேறிப் பிடி குறைந்துபோவதை ஆங்கிலத்தில் ‘பிரேக் ஃபேடு’ என்கிறார்கள். அதற்குத் தமிழில் என்ன சொல்வது என்று குழுவில் இதுவரை வந்த சொற்களைப் பற்றி என் கருத்து.

> தடை மங்கல்

வேண்டாம். மங்குவது வெளிச்சமும் நிறமும். பிரேக்கை நம் ஓட்டுநர்கள் ‘பிடிக்குது, பிடிக்கலை’ என்றுதான் சொல்கிறார்கள். ‘தடை’யும் குழப்பும், வேகத்தடை என்றால் சாலையில் போட்டிருக்கும் மேடு.

> பிரேக் சோர்வு

கேட்க நன்றாக இருக்கிறது. ஆனால் ‘உலோகச் சோர்வு’ ஏற்கெனவே புழக்கத்தில் உள்ளது. திரும்பத் திரும்ப ஏறும் பளுவால் உலோகத்தில் விரிசல் விழுவது அது, ஆறவிட்டால் சரியாகாது. நாம் பேசுவது பெரும்பாலும் ஆறினால் மீளக்கூடியது.

> பிடிதளர்வு

இதுதான் நெருங்கி வருகிறது. ஆனாலும் சூடு விட்டுப்போகிறது. இங்கே மழையில் டிஸ்க் (சக்கரத்தோடு சுழலும் பிரேக் தட்டு) நனைந்தாலும் பிடி தளரும். அப்போது பெடலை லேசாக அழுத்தியபடி கொஞ்ச தூரம் போனால் ஈரம் காய்ந்து பிடி திரும்பிவிடும். சூட்டில் தளர்ந்த பிரேக்கை அப்படி அழுத்திக்கொண்டே போனால் ஆபத்து கூடும். எதிரெதிரான வைத்தியம் தேவைப்படும் இரண்டுக்கும் ஒரே பெயர் கூடாது. அதனால்தான் ‘சூட்டுத்தளர்வு’ என்கிறேன்.

சூடு எவ்வளவு என்று பாருங்கள். குன்னூரிலிருந்து மேட்டுப்பாளையம் சுமார் 1,500 மீட்டர் இறக்கம். 1,500 கிலோ எடையுள்ள கார் இறங்கும்போது விடும் ஆற்றல் ஏறக்குறைய 22 மெகாஜூல். 60 லிட்டருக்கு மேல் பச்சைத் தண்ணீரைக் கொதிக்க வைக்க அது போதும். இரண்டாவது கியரில் இறங்கினால் அதில் பெரும்பங்கை எஞ்சின் வாங்கிக்கொள்ளும். மேல் கியரில் பிரேக்கை மட்டும் நம்பி வருபவர்களின் சக்கரத்தில்தான் வழியில் உள்ள பர்லியார் வருவதற்குள் தீய்ந்த வாசனை கிளம்புகிறது.

பந்தயத் தடத்தில் கதை வேறு. 1,200 கிலோ காரை 150 கிலோமீட்டர் வேகத்திலிருந்து 60-க்கு ஒருமுறை இறக்கினாலே கிட்டத்தட்ட 0.9 மெகாஜூல். டிஸ்க் ஆறுவதற்குள் அடுத்த வளைவு வந்துவிடும். மலையில் பிரேக்கை விடாமல் பிடிப்பதால் சூடு சேர்கிறது, தடத்தில் அடுக்கடுக்காகச் சேர்கிறது. சொல் இரண்டுக்கும் பொருந்துகிறது.

அப்புறம், சூட்டுத்தளர்வின் உட்பிரிவுகள். இவற்றைத் தனித்தனியாகப் பெயரிட்டே ஆக வேண்டும், ஏனென்றால் காலுக்கு வேறு வேறாகத் தெரியும். டிஸ்க்கை அழுத்திப் பிடிக்கும் பேடில் உள்ள பிசின் அளவுமீறிச் சூடேறி வாயுவை விட்டால் பெடல் கல் மாதிரி இருக்கும், வண்டி நிற்காது. இது ‘பேடு தளர்வு’. பெடலின் அழுத்தத்தைச் சக்கரத்துக்குக் கொண்டுபோகும் பிரேக் ஆயில் கொதித்தால் குழாயில் ஆவி சேர்ந்து, பெடல் மெத்தென்று தரைவரை போய்விடும். இதற்கு ‘ஆயில் கொதிப்பு’ போதும். ‘நீர்மத் தளர்வு’ என்றெல்லாம் போனால் பட்டறையில் யாரும் சொல்ல மாட்டார்கள்.

இரண்டுக்கும் தடுப்பும் வேறு. முதலாவதற்கு அதிக வெப்பம் தாங்கும் பேடும் டிஸ்க்குக்குக் காற்றோட்டமும் வேண்டும். இரண்டாவதற்குப் புது ஆயில். டாட் 4 தரப் பிரேக் ஆயிலின் கொதிநிலை புதிதாக இருக்கையில் குறைந்தது 230 டிகிரி செல்சியஸ். ஈரத்தை உறிஞ்சிய பிறகு தரவிதி கேட்கும் குறைந்த அளவே 155-தான். நீலகிரி போன்ற ஈரக்காற்றுள்ள ஊரில் வண்டி வைத்திருப்பவர்கள் ஆயில் மாற்றுவதைத் தள்ளிப்போடவே கூடாது.

கையேட்டை மொழிபெயர்க்கும் நண்பருக்கு: கோவை கரி மோட்டார் ஸ்பீட்வே பந்தயத் தடத்தில் ஓட்டப்போகிறவர் படிப்பார் என்று நினைத்து இப்படி எழுதிப் பாருங்கள்.

“பிரேக்கை நேர்ப்பாதையில் அழுத்தமாக, குறைந்த நேரம் பிடித்து விடுங்கள், தேய்த்துக்கொண்டே போனால் சூட்டுத்தளர்வு வரும். முதல் அறிகுறியிலேயே வேகத்தைக் குறைத்து, பிரேக்கை அதிகம் தொடாமல் ஒரு சுற்று ஆறவிடுங்கள். நிறுத்தியதும் ஹேண்ட்பிரேக் போடாமல் கியரில் விடுங்கள்.”

வாக்கியத்தில் சொல் எங்கும் இடறவில்லை என்றுதான் எனக்குப் படுகிறது.

ஒன்று மட்டும் பாக்கி. புதுப் பேடு முதல் கடும் சூட்டில் பிடி விடுவதற்குப் ‘பச்சைத் தளர்வு’ என்று வைக்கலாம். வேகாத மண்பாண்டத்தைப் பச்சை என்கிறோமே. அதைத் தவிர்க்கப் பேடைப் படிப்படியாகச் சூடேற்றி ஆறவிடும் வேலைக்குப் ‘பழக்குதல்’ போதுமா, ‘பதப்படுத்துதல்’ வேண்டுமா? பட்டறை வைத்திருப்பவர்கள் யாராவது குழுவில் இருந்தால் உங்கள் வழக்கை எழுதுங்கள்.