நாள் பூரா சாட் ஓடுது, எதை லைவா பேசுறது எதை எழுதி வைக்கிறது?

நிலவன்07:
எங்க டீம்ல எட்டு பேர், ஆளுக்கொரு ஊர்ல உக்காந்து ஒரே டாக்குமெண்ட்ல வேலை பண்றோம். குரூப் சாட் நிக்கவே மாட்டேங்குது, பதில் போடலைன்னா உடனே கால் வருது, சரி மெயில்லயே பேசிக்கலாம்னு பாத்தா ஒரு சின்ன சந்தேகம் தீரவே ரெண்டு நாள் இழுக்குது. நீங்கல்லாம் எப்படி பிரிச்சுக்கிறீங்க?

கணக்குப்புள்ள:
எட்டு பேர்னா ரெண்டு ரெண்டு பேரா 28 ஜோடி வருது, இன்னும் நாலு பேர் சேந்தா 66, அதனால எல்லாரும் எல்லாத்தையும் லைவா கேட்டே ஆகணும்னா எந்த டீமும் தாங்காது. நான் பாக்குறது ஒண்ணுதான், வர்ற பதில்லேருந்து அடுத்த கேள்வி பொறக்குமா? எரர் வருது, ‘இந்த செட்டிங்க மாத்து, இப்ப என்ன காட்டுது’ன்னு போற பேச்சுன்னா ஸ்க்ரீன் ஷேர் பண்ணி கால்ல பேசிடுங்க. எவ்ளோ முடிஞ்சிருக்குன்னு சொல்றதுக்கு கால் வேண்டவே வேண்டாம்.

மழைத்துளி:
தயவுசெஞ்சு ‘ஹாய், இருக்கீங்களா’ன்னு மட்டும் போட்டுட்டு காத்திருக்காதீங்க. ஐஆர்சிங்கிற பழைய இன்டர்நெட் சாட் வந்தது 1988ல, அந்த சாட் ரூம்கள்லயே ‘கேக்கலாமான்னு கேக்காதே, நேரா கேளு’ன்னு சொல்லிட்டு இருந்தாங்க. ‘மூணாவது பக்கத்து டேபிள்ல கூட்டுத்தொகை இடிக்குது, ரெண்டாவது வரிசைய யாரோ மாத்திருக்காங்க, பழசையே போட்டுடவா, சாயங்காலத்துக்குள்ள சொன்னா போதும்’, இப்படி ஒரே மெசேஜா போட்டா பாக்குறவர் கைவேலைய முடிச்சுட்டு நிதானமா பதில் சொல்லுவார், அந்த ‘சாயங்காலத்துக்குள்ள’ங்கிறதுதான் முக்கியம், அது இல்லன்னா எல்லாமே அவசரமாத்தான் தெரியும்.

தெற்குக்காத்து:
கால்ல ரெண்டு பேரும் ஒண்ணா பேச ஆரம்பிச்சு ஒண்ணா நிறுத்துற மாதிரி அடிக்கடி ஆச்சுன்னா லைன்ல தாமதம் இருக்கான்னு பாருங்க. ஐடியூங்கிற சர்வதேச தொலைத்தொடர்பு அமைப்போட ஜி.114 பரிந்துரைப்படி குரல் ஒருபக்கம் போய்ச் சேர 150 மில்லி செகண்டுக்குள்ள இருந்தாத்தான் பேச்சு இயல்பா இருக்கும். அப்புறம் நேர வித்தியாசம், காது சரியா கேக்காதவங்க, இவங்களையும் நினைச்சுக்கோங்க, கால்ல மட்டும் முடிவு எடுத்தா அவங்க வெளியவே நின்னுடுவாங்க.

நிலவன்07:
ரொம்ப நன்றி. கால்ல எடுத்த முடிவ யார் எழுதி வைக்கிறது? எங்ககிட்ட அதுதான் விட்டுப்போகுது.

கணக்குப்புள்ள:
கால் போட்டவரே எழுதணும்னு வச்சுக்கோங்க. என்ன முடிவு, ஏன், யார் பண்றாங்க, மூணு வரி போதும், ஆனா சாட்ல போடாதீங்க, மேல ஓடிடும், அந்த டாக்குமெண்ட்லயே சம்பந்தப்பட்ட இடத்துல கமெண்டா போடுங்க.