பழக்கடைக்காரர் திருத்திய ‘ஆபிதனொ’

இத்தாலியின் பலெர்மோ நகருக்கு வந்து நாலு மாதம் இருக்கும். பல்லாரோ சந்தையில் வழக்கமாகத் தோடம்பழம் வாங்கும் கடைக்காரர், அம்மா அப்பா எங்கே இருக்கிறார்கள் என்று கேட்டார். ‘வசிக்கிறார்கள்’ என்பதற்கு இத்தாலியத்தில் “அபிதானொ” என்றேன். மூன்று தரம் சொல்லியும் அவருக்கு விளங்கவில்லை. பிறகு தராசுத் தட்டில் விரலால் ஒரு தட்டுத் தட்டி “ஆ” என்றார். மிச்சத்தை ஒரே ஓட்டமாக “பிதனொ” என்று முடித்தார். ஆ-பி-த-னொ!

இத்தாலியச் சொற்களில் பெரும்பாலும் கடைசிக்கு முந்தின அசையில்தான் அழுத்தம். அந்தப் பழக்கத்தில் சொல்லிவிட்டேன். நிகழ்கால ‘அவர்கள்’ வடிவத்துக்கு அது பெரும்பாலும் சரிவராது. முதலில் ‘நான்’ வடிவத்தைச் சொல்லிப் பாருங்கள்: ஆ-பி-தொ. அழுத்தம் அங்கேயே நிற்கும், வால் மட்டும் நீளும். தெ-லே-ஃபொ-னொ, தெ-லே-ஃபொ-ன-னொ என்பதும் அப்படித்தான். ‘நாங்கள்’, ‘நீங்கள்’ வடிவங்களில்தான் அழுத்தம் விகுதிக்கு இறங்கும்: அ-பி-தியா-மொ, அ-பி-தா-தெ.

*

அக்கா, உங்கள் ‘ஆபிதனொ’ கதையை வாசித்தேன். எனக்கும் ஒன்று நடந்தது. உணவகக் குசினியில் ஒரு தட்டை உடைத்துவிட்டேன். கூட வேலை செய்பவர் இரவு செய்தி அனுப்பியிருந்தார், ‘இப்படி நடக்கிறதுதான்’ என்று. அதில் ‘நடக்கின்றன’ என்பதற்கு இருந்த ‘காபிதனொ’வை நான் ‘கபிதானொ’ என்று வாசித்து, எந்தக் கப்டனைச் சொல்கிறார் என்று நெடுநேரம் யோசித்தேன். இத்தாலிய எழுத்து இரண்டுக்கும் ஒன்றுதான். அன்றிலிருந்து கொப்பியில் தமிழில் நெடில் போட்டு எழுதுகிறேன். அழுத்தம் விழும் அசை உயிரில் முடிந்தால் அந்த உயிர் உண்மையாகவே நீளுகிறது, அதனால் காதில் நிற்கிறது.

*

உங்கள் இருவரோடு நானும் சேர்ந்துகொள்கிறேன். நல்ல வழி தம்பி, ஆனால் ஒற்றில் முடியும் அசையில் கவனம். ‘பேசுகிறார்கள்’ என்பது பர்-ல-னொ. அழுத்தம் முதலசையில், ஆனாலும் ‘பார்’ ஆகாது. குரல்தான் ஓங்கும். சொல்லின் கடைசி உயிரும் நீளாது: ‘பேசுகிறேன்’, ‘பேசினார்’ இரண்டும் தமிழில் ‘பர்லொ’ என்றே வரும். நல்லவேளை, ‘பேசினார்’ என்பதற்கு இத்தாலியர்களே கடைசி எழுத்தின் மேல் குறி போட்டுவிடுகிறார்கள்.

நான் மிலானோவில் ஒரு வயதான அம்மாவைப் பார்த்துக்கொள்கிறேன். மருந்து எடுக்க வேண்டும் என்று சொல்ல ‘ப்ரெந்தேரெ’ என்பேன். மாத்திரையைக் கையில் வைத்துக்கொண்டே, நான் ‘ப்ரெந்-தெ-ரெ’ என்று முதலசையை அழுத்திச் சொல்லும்வரை விழுங்கமாட்டார். ‘பார்ப்பது’ மட்டும் வெ-தே-ரெ, நடுவில் அழுத்தம். விகுதி இரண்டுக்கும் ஒன்று! இதற்குச் சூத்திரம் தேடி அலையாமல், அகராதியில் பார்த்து அசைக்குக் கீழே புள்ளி வைத்துக்கொள்கிறேன்.