ஓராதூர்: எரிந்த ஊரும் எரிச்சல் தீராத ஊரும்

பிரான்ஸின் லிமோஜ் நகருக்கு அருகே இருக்கிறது ஓராதூர்-சுர்-கிளான். 1944 ஜூன் 10, சனிக்கிழமை பிற்பகலில் ஹிட்லரின் எஸ்.எஸ். படை இந்தச் சிற்றூரை வளைத்தது. ஆண்களைக் களஞ்சியங்களில் நிறுத்திச் சுட்டார்கள். பெண்களையும் குழந்தைகளையும் தேவாலயத்தில் அடைத்துச் சுட்டு, தீ வைத்தார்கள். மாண்டவர்கள் 643 பேர். தேவாலயத்திலிருந்து தப்பியவர் மார்கெரித் ரூஃபான்ஷ் ஒருவர்தான். பீடத்துக்குப் பின்னாலிருந்த ஜன்னல் வழியே குதித்தார்.

இடிபாடுகளை அப்படியே விட்டுவைக்க வேண்டும் என்பது அப்போதைய பிரெஞ்சுத் தலைவர் டெகோலின் முடிவு. உள்ளே நடந்தபோது என்னை உலுக்கியவை தையல் இயந்திரங்கள். மரப்பலகை எரிந்துபோய், இரும்பு மட்டும் துருவேறிக் கூரையில்லாத வீடுகளில் நிற்கிறது. ஒன்றில் கைச்சக்கரம்கூட அப்படியே இருந்தது. தெருவில் டிராம் தண்டவாளம். தேவாலயத் தரையில் உருகிக் கட்டியாகிப்போன வெண்கல மணி.

பள்ளிக்கூடம் இருந்த இடத்தில் ஓர் ஆசிரியை தம் மாணவர்களுக்கு ரோஜே கோத்ஃப்ரேனின் கதையைச் சொல்லிக்கொண்டிருந்தார். பிரான்ஸின் லொரேன் பகுதியிலிருந்து அகதியாக வந்த சிறுவன். ஜெர்மன் சிப்பாய்களைக் கண்டால் ஓடிவிட வேண்டும் என்று வீட்டில் சொல்லி வைத்திருந்தார்கள்; ஓடினான். பள்ளிப் பிள்ளைகளில் அவன் ஒருவனே பிழைத்தான். பெற்றோரும் உடன்பிறந்தவர்களும் அன்றே மாண்டுபோனார்கள். கேட்டுக்கொண்டிருந்த மாணவர்கள் வாயே திறக்கவில்லை.

எனக்கு இன்றும் ஆறாதது 1953-இல் நடந்தது. இந்தப் படுகொலைக்காக போர்தோ நீதிமன்றத்தில் நின்ற 21 பேரில் 14 பேர், போரின்போது ஜெர்மனி தன்னோடு இணைத்துக்கொண்ட அல்சாஸ் பகுதிக்காரர்கள், அதாவது பிரெஞ்சுக்காரர்கள். அவர்களில் 13 பேர் கட்டாயமாக ஜெர்மன் படையில் சேர்க்கப்பட்டவர்கள். தீர்ப்பு வந்த சில நாள்களிலேயே நாடாளுமன்றம் அந்த 13 பேருக்கும் மன்னிப்பு வழங்கியது. அல்சாஸின் வேதனையும் பொய்யல்ல. ஆனால் பிள்ளைகளைப் பறிகொடுத்தவர்களைக் கேட்காமல் யார் மன்னிப்பது? ஊர் தனக்குத் தரப்பட்ட விருதைத் திருப்பி அனுப்பியது. மன்னிப்புக்கு வாக்களித்த உறுப்பினர்களின் பெயர்களை எழுதி இடிபாடுகளின் வாசலில் வைத்தது. அரசுப் பிரதிநிதிகளைப் பல ஆண்டுகள் அஞ்சலிக்குச் சேர்க்கவில்லை. அந்தக் கோபம் நியாயமானது என்றே நினைக்கிறேன்.

போகிறவர்கள் அரை நாளாவது ஒதுக்குங்கள். கல்லறைத் தோட்டத்தையும், பக்கத்தில் கட்டிய புதிய ஊரையும் விட்டுவிடாதீர்கள். உற்றாரை இழந்தவர்கள் குடியேறி வாழ்ந்தது அங்கேதான்.