மைல்கல் தலையில் மஞ்சள், பச்சை, ஆரஞ்சு: ஏதாவது கணக்கு உண்டா?

ஜன்னல்சீட்டு:
பஸ்ஸில் போகும்போது கவனித்திருப்பீர்கள். மெயின் ரோட்டுக் கல்லுக்குத் தலையில் மஞ்சள், கொஞ்ச தூரம் தள்ளி வேறு ரோட்டில் பச்சை, எங்கள் ஊருக்குள் திரும்பினால் ஆரஞ்சு. இதற்கு ஏதாவது விதி இருக்கிறதா, இல்லை கான்ட்ராக்டரிடம் மிஞ்சிய பெயின்ட்டா? நடுவில் வெறும் 2, 4, 6, 8 என்று மட்டும் எழுதிய குட்டிக் கற்கள் வேறு.

புளியமரத்தடி:
விதிதான். மஞ்சள் தேசிய நெடுஞ்சாலை, பச்சை மாநில நெடுஞ்சாலை. ஆரஞ்சு கிராமச் சாலை, முக்கியமாக 2000இல் தொடங்கிய பிரதமர் கிராமச் சாலைத் திட்டத்தில் போட்டவை. மாவட்டச் சாலையில்தான் குழப்பம், இடத்துக்கு இடம் நீலம், கருப்பு, வெள்ளை என்று மாறும். மாநிலச் சாலையை மத்திய அரசு எடுத்துக்கொண்டால் அதே கல்லில் பச்சைக்கு மேலேயே மஞ்சளை அடித்துவிடுவார்கள், பெயின்ட் உதிர்ந்த இடத்தில் பழைய பச்சை எட்டிப் பார்க்கும்.

நைட்டிரைவர்:
குட்டிக் கல் 200 மீட்டருக்கு ஒன்று. கடந்த கிலோமீட்டர் கல்லில் 112 இருந்து, அடுத்து 6 வந்தால் நீங்கள் நிற்பது 112.6. இது எல்லாருக்கும் தெரிந்திருக்க வேண்டும் சார். விபத்து என்று 108க்கோ, தேசிய நெடுஞ்சாலை உதவி எண் 1033க்கோ போன் போட்டு "பைபாஸ்ல ஒரு டீக்கடை தாண்டி" என்றால் அவர்கள் எங்கே என்று தேடுவார்கள்? சாலை எண்ணையும் கல்லையும் சொல்லுங்கள்.

வரைபடப்பித்தன்:
சாலை எண்ணிலும் விஷயம் இருக்கிறது. 2010இல் எல்லா எண்ணையும் மாற்றினார்கள், கன்னியாகுமரி வரை வரும் பழைய 7 இப்போது 44. இரட்டைப்படை என்றால் வடக்கு தெற்காக ஓடும் சாலை, கிழக்கிலிருந்து மேற்கே போகப் போக எண் கூடும்: சென்னைக்கு வரும் கொல்கத்தா சாலை 16, நடுவில் 44, கேரளக் கரையில் 66. ஒற்றைப்படை கிழக்கு மேற்கு, வடக்கிலிருந்து கீழே வர வர கூடும். சேலம் உளுந்தூர்பேட்டை 79, கோவை சிதம்பரம் 81, ராமேஸ்வரம் போவது 87.

கல்வெட்டுக்காரன்:
தருமபுரிப் பக்கம் கிடைத்த அதியமான் பெருவழிக் கல்லை யாரும் சொல்லவில்லையே! 13ஆம் நூற்றாண்டு. நாவல்தாவளத்துக்குக் காதம் 29 என்று பொறித்துவிட்டு, கீழே 2 பெரிய குழி, 9 சிறிய குழி. பெரியது பத்து, சிறியது ஒன்று. எழுத்து தெரியாத மாட்டுவண்டிக்காரர் விரலால் தடவிப் பார்த்தே தூரத்தைத் தெரிந்துகொள்ளலாம், இருட்டிலும்கூட. இன்றைய நால்வழிச் சாலைப் பச்சைப் பலகைகளில் இந்த வசதி கிடையாது.

ஜன்னல்சீட்டு:
அருமை, நன்றி எல்லாருக்கும். அப்போ தேனி வழியாகப் போகும் 183? மூன்று இலக்கம் இருக்கிறதே?

வரைபடப்பித்தன்:
அது கிளைச் சாலை. கடைசி இரண்டு இலக்கம்தான் தாய்ச்சாலை, முன்னால் உள்ள 1 எத்தனையாவது கிளை என்பதற்கு. 83இலிருந்து திண்டுக்கல்லில் பிரிகிறது.