பழைய ஜாஸ் பேஸ்: நடுவில் கம்பி உயரம், மேல் ஃப்ரெட்களில் கிர் சத்தம், ஒரு வால்யூமைக் குறைத்தால் இரைச்சல்

மந்திரஸ்தாயி:

எல்லோருக்கும் வணக்கம். நெடுநாள் தேடலுக்குப் பிறகு ஒரு பழைய ஃபெண்டர் ஜாஸ் பேஸ் (நான்கு கம்பி பேஸ் கிட்டார்) கைக்கு வந்திருக்கிறது. 1972இல் செய்தது என்று கொடுத்தவர் சொன்னார். நெக்கை (விரல் வைத்து வாசிக்கும் நீளக் கழுத்து) நான்கு ஸ்க்ரூ பிடித்திருக்கின்றன, தலைப் பக்கம் டிரஸ் ராடுக்கு (நெக்கின் வளைவைத் திருத்த உள்ளே போகும் இரும்புத் தண்டு) எந்தத் துளையும் இல்லை, அதனால் காலம் ஏறக்குறைய சரியாகத்தான் இருக்கும் என்று நினைக்கிறேன். சத்தத்தைப் பற்றிச் சொல்லி மாளாது. இரண்டு வால்யூமையும் முழுதாகத் திறந்து டோனைப் பாதியில் வைத்து வாசித்தால் ஒவ்வொரு சுரமும் தனித்தனியாக நிற்கிறது, என்னிடம் இருக்கும் புதிய பேஸில் இது வரவே வராது.

ஆனால் வாசிக்கச் சிரமமாக இருக்கிறது. 5ஆம் ஃப்ரெட்டிலிருந்து (நெக்கின் குறுக்கே பதித்த உலோகக் கோடு) 10 வரை கம்பி நன்றாக உயர்ந்து நிற்கிறது, 12க்கு மேலே போனால் கிர்ரென்று ஃப்ரெட்டில் பட்டு அதிர்கிறது. பிரிட்ஜில் சாடில்கள் (உடல் பக்கக் கோடியில் கம்பிகளைத் தாங்கும், ஏற்றி இறக்கும் சின்னத் தாங்கிகள்) ஏற்கெனவே அடிமட்டத்தில் இருக்கின்றன, இனி இறக்க இடமே இல்லை. இதற்கு நெக்குக்கு அடியில் ஷிம் (மெல்லிய தகடு) வைக்கச் சொல்கிறார்கள், சரிதானா?

இன்னும் மூன்று விஷயம். இரண்டு வால்யூமும் முழுதாக இருந்தால் அமைதி, ஒன்றைக் கொஞ்சம் குறைத்தாலும் 'ம்ம்ம்' என்று இரைச்சல் வருகிறது, கம்பியைத் தொட்டால் குறைகிறது. டோன் குமிழைத் திருகினால் கரகரப்பு, சில நேரம் கேபிளை அசைத்தால் சத்தமே போய்விடுகிறது. அப்புறம் ஜி கம்பியில் 5, 6ஆம் ஃப்ரெட்டில் சுரம் எழுந்த உடனே செத்துவிடுகிறது, அதே ஃப்ரெட்டில் மற்ற கம்பிகள் நன்றாக நீள்கின்றன. உள்ளே இருக்கும் பாட் (குமிழுக்கு அடியில் திரும்பும் மின்தடை), வயர் எல்லாவற்றையும் புதிதாக மாற்றிவிடலாமா என்றும் ஒரு யோசனை இருக்கிறது.

நாலுகம்பி:

முதலில் ஷிம்மை மறந்துவிடுங்கள். எதையும் மாற்றவும் வேண்டாம். நீங்கள் சொல்லும் அறிகுறிகள், அதாவது நடுவில் உயரம், 12க்கு மேல் கிர் சத்தம், அடிமட்டத்தில் சாடில், இந்த மூன்றும் சேர்ந்து வந்தால் பெரும்பாலும் நெக் கம்பியின் இழுப்புக்கு முன்பக்கமாக வளைந்திருக்கிறது என்றுதான் அர்த்தம். நெக் வளைய வளைய நடுவில் கம்பி உயரும், முன்பு வைத்திருந்தவர் அதை ஈடுகட்ட சாடிலை இறக்கிக்கொண்டே போயிருப்பார், சாடில் இறங்க இறங்க மேல் ஃப்ரெட்களில் கம்பி இடிக்கும். சாடில் அடிமட்டத்தில் இருப்பதை மட்டும் பார்த்து ஷிம் வைத்தால் வளைவு அப்படியே இருக்கும், மேலே ஒரு புதுக் கோணமும் சேரும்.

அளந்து பாருங்கள். சரியாகச் சுருதி சேர்த்து, பேஸை வாசிக்கும் நிலையில் வைத்துக்கொண்டு (மேசையில் படுக்கவைத்து அல்ல), ஈ கம்பியை முதல் ஃப்ரெட்டிலும் நெக் உடலோடு சேரும் இடத்து ஃப்ரெட்டிலும் ஒரே நேரத்தில் அழுத்துங்கள். முதல் ஃப்ரெட்டில் கேபோ (கம்பிகளை அழுத்திப் பிடிக்கும் கவ்வி) போட்டால் ஒரு கை மிச்சம். இப்போது கம்பிதான் உங்கள் நேர்கோடு. 7, 8ஆம் ஃப்ரெட்டில் கம்பிக்கும் ஃப்ரெட்டுக்கும் இடையே 0.35 மி.மீ. சுற்றி இருந்தால் நல்லது. அதற்கு மேல் அதிகமாகப் போனால் டிரஸ் ராடை இறுக்க வேண்டும்.

இந்தக் காலத்து ஜாஸ் பேஸில் டிரஸ் ராட் நட்டு நெக்கின் உடல் பக்க முனையில் இருக்கும், நெக்கைக் கழற்றாமல் சரியாகப் பிடிக்க முடியாது. (1970களின் நடுவில் மூன்று ஸ்க்ரூவும், தலைப் பக்கம் தோட்டா வடிவ நட்டும் வந்தன. உங்களுடையது அதற்கு முந்தியது.) கம்பிகளை முழுதாகத் தளர்த்துங்கள், கேபோவை முதல் ஃப்ரெட்டிலேயே விட்டால் கம்பி சுருளாமல் இருக்கும். நெக் வெளியே வந்ததும் நட்டு இப்போது எந்த நிலையில் இருக்கிறது என்று பென்சிலால் ஒரு கோடு போட்டுக்கொள்ளுங்கள். முதலில் சிறிது தளர்த்திப் பாருங்கள், மரை சுலபமாக ஓடுகிறதா என்று அதில் தெரிந்துவிடும். பிறகு வலப்பக்கமாகக் கால் சுற்று, அதற்கு மேல் ஒரே தடவையில் வேண்டாம். நட்டின் பிளவில் சரியாக அடங்கும் அகலமான ஸ்க்ரூடிரைவர்தான் வேண்டும், சின்னதைப் போட்டுத் திருகினால் அந்தப் பிளவு வழுவழுவென்று தேய்ந்துவிடும், அதைச் சரிசெய்வது பெரிய வேலை. கெட்டியாக நின்றால் பலம் போடாமல் அத்தோடு நிறுத்திவிட்டுத் தெரிந்தவரிடம் கொடுங்கள்.

நெக்கைத் திரும்ப மாட்டும்போது ஒரு முக்கியமான விஷயம். மரத்தில் 50 வருடத்துக்கு முன் வெட்டிய மரை இருக்கிறது. ஸ்க்ரூவை முதலில் இடப்பக்கமாக மெதுவாகச் சுற்றுங்கள், பழைய மரையில் 'டக்' என்று விழுவது விரலுக்குத் தெரியும், அதற்குப் பிறகுதான் வலப்பக்கம் இறுக்க வேண்டும். நேராக இறுக்கினால் ஒவ்வொரு முறையும் புது மரை வெட்டிக்கொண்டே இருக்கும், ஒரு நாள் பிடிமானமே போய்விடும்.

சுருதி சேர்த்து ஒரு நாள் விட்டு மறுபடி அளங்கள், மரம் மெதுவாகத்தான் ஒத்துவரும். அதன் பிறகு சாடிலை உயர்த்தி, 17ஆம் ஃப்ரெட்டில் ஈ கம்பிக்கு 2.8 மி.மீ., ஜி கம்பிக்கு 2.4 மி.மீ. என்று ஆரம்பியுங்கள். அப்போதும் சாடிலுக்கு இடம் போதவில்லை என்றால்தான் ஷிம். பிரிட்ஜ் பக்க ஓரத்தில் 0.5 மி.மீ. தடிமன் போதும், அதுவே சாடிலில் ஒன்றரை மி.மீ.க்கு மேல் இடம் கொடுத்துவிடும். பழைய ஃபெண்டர்களில் தொழிற்சாலையே ஷிம் வைத்து அனுப்பியதும் உண்டு, அதனால் உள்ளே ஏதாவது இருந்தால் தூக்கிப் போடாமல் அது எந்த ஓரத்தில் இருந்தது என்று குறித்துவையுங்கள்.

இதைப் படிக்கும், ரிக்கன்பேக்கர் 4001 என்ற வேறு பேஸ் வைத்திருக்கும் நண்பர்களுக்கு: உங்கள் பழைய நெக்கில் இரண்டு ராட், அங்கே நட்டை வைத்து நெக்கை வளைக்கக் கூடாது. கையால் நெக்கை வேண்டிய நிலைக்கு அழுத்திப் பிடித்துவிட்டு நட்டை வெறுமனே இறுக்கி நிறுத்த வேண்டும். இல்லாவிட்டால் விரல்பலகை பெயர்ந்துவிடும்.

சோல்டர்புகை:

நெக் பற்றி நாலுகம்பி சொன்னதில் எனக்கு மாற்றுக் கருத்தே இல்லை. மின்சாரப் பக்கம் நான் சொல்கிறேன்.

அந்த இரைச்சல் பழுதே அல்ல. ஜாஸ் பேஸில் இருப்பது இரண்டு தனிச்சுருள் பிக்கப் (கம்பியின் அதிர்வை மின்சாரமாக்கும் காந்தச் சுருள்). ஒன்றின் சுற்றும் காந்தமும் மற்றதற்கு எதிர்த்திசை, அதனால் இரண்டும் சம அளவில் திறந்திருந்தால் இரைச்சல் ஒன்றையொன்று அடித்துக்கொண்டு போய்விடும், கம்பியின் சத்தம் மட்டும் கூடும். ஒன்றைக் குறைத்த அந்த நொடியில் சமன் கெடுகிறது, இரைச்சல் வெளியே வருகிறது. 1960இல் இந்தப் பேஸ் வந்ததிலிருந்து இப்படித்தான்.

கம்பியைத் தொட்டால் குறைகிறது என்றீர்களே, அது நல்ல செய்தி. பிரிட்ஜுக்கு அடியில் போகும் கிரவுண்ட் வயர் பிழைத்திருக்கிறது. கம்பியைத் தொட்டால் ஒன்றும் ஆகாமல், கன்ட்ரோல் பிளேட்டையோ ஜாக்கையோ (கேபிள் செருகும் துளை) தொட்டால் மட்டும் குறைந்தால் அந்த வயர் அறுந்திருக்கும். தொட்டால் இரைச்சல் கூடுகிறது என்றால் வாசிப்பதை நிறுத்திவிட்டு ஆம்ப், பிளக், வயரிங் மூன்றையும் சோதிக்க வேண்டும், அதில் விளையாட்டு வேண்டாம். இன்னும் அமைதி வேண்டும் என்றால் பள்ளங்களில் செப்புத் தகடு ஒட்டி கிரவுண்டோடு இணைக்கலாம், ஆனால் மின்கடத்தும் பெயின்ட் அடிக்காதீர்கள். தகட்டை நாளைக்கு உரிக்கலாம், பெயின்ட்டை எடுக்க முடியாது.

டோன் கரகரப்புக்குப் பாட்டை மாற்ற வேண்டியதில்லை. எண்ணெய்ப்பசை கொஞ்சம் கலந்த கான்டாக்ட் கிளீனர் வாங்கி, பாட்டின் கால்களுக்கு மேலே இருக்கும் திறப்பு வழியாக ஒரு சின்னப் பீய்ச்சல், பிறகு குமிழை இரண்டு கோடிக்கும் பலமுறை திருப்புங்கள். துரு விடுவிக்கும் சாதாரண ஸ்ப்ரே வேண்டாம். கேபிளை அசைத்தால் சத்தம் போவது ஜாக். அதன் உள்நாக்கு தளர்ந்திருக்கும், மெதுவாக உள்பக்கம் வளைத்தால் பிளக்கை மறுபடி இறுக்கிப் பிடிக்கும். வெளி நட்டை இறுக்கும்போது ஜாக்கை உள்ளே பிடித்துக்கொள்ளுங்கள், அது சேர்ந்து சுற்றினால் வயர் முறுகி அறுந்துவிடும்.

பிளேட்டைத் திறந்ததும் எதையும் தொடும் முன் நல்ல வெளிச்சத்தில் படம் எடுத்துவையுங்கள். பாட்டின் முதுகில் ஓர் எண் இருக்கும். 137 என்று தொடங்கினால் சிடிஎஸ் தயாரிப்பு, 304 என்றால் ஸ்டாக்போல். 1377118 என்று இருந்தால் 1971ஆம் வருடத்தின் 18ஆம் வாரம். பேஸ் அதற்குப் பிறகுதான் செய்திருக்க முடியும், எவ்வளவு பிறகு என்பதை இந்த எண் சொல்லாது. 1966இல் மொத்தமாக வாங்கிய பாட்களை ஃபெண்டர் அடுத்த சில வருடங்களுக்கும் போட்டுக்கொண்டிருந்தது. நெக்கைக் கழற்றும்போது அடிமுனையில் முத்திரை இருக்கிறதா என்றும் பாருங்கள். சோல்டர் யாரும் மறுபடி உருக்காததாக இருந்தால் தயவுசெய்து அப்படியே விடுங்கள். அந்தப் பாட், அந்த வயர், அந்த டோன் கெபாசிட்டர் எல்லாம் சேர்ந்துதான் நீங்கள் முதல் பத்தியில் எழுதிய சத்தம், புதிதாக மாற்றினால் கருவியின் மதிப்பும் இறங்கும்.

மீட்டரில் பிக்கப் ஒவ்வொன்றும் 7 முதல் 8 கிலோ ஓம் சுற்றிக் காட்டினால் ஆரோக்கியமாக இருக்கிறது.

மந்திரஸ்தாயி:

இருவருக்கும் மிக்க நன்றி. அளந்தேன், 8ஆம் ஃப்ரெட்டில் 0.9 மி.மீ. இடைவெளி! நட்டு சுலபமாகத்தான் திரும்பியது, கொஞ்சம் கொஞ்சமாக இறுக்கி இப்போது 0.4இல் நிற்கிறது. சாடில்கள் நடு உயரத்துக்கு வந்துவிட்டன, ஷிம்முக்கு வேலையே இல்லை. 12க்கு மேலே எல்லாச் சுரமும் சுத்தமாக வருகிறது. பாட் எண்ணும் 137 71 என்றுதான் ஆரம்பிக்கிறது, சோல்டர் எதுவும் கலைந்த மாதிரி இல்லை. ஜாக், கரகரப்பு இரண்டும் சரி.

மிச்சம் இருப்பது ஜி கம்பியின் 5, 6ஆம் ஃப்ரெட். நெக் சரியான பிறகும் அப்படியே இருக்கிறது. ஃப்ரெட் தேய்ந்திருக்குமா? அப்புறம் இதில் இப்போது வழவழப்பான ஃபிளாட்வவுண்ட் கம்பி இருக்கிறது, சொரசொரப்பான ரவுண்ட்வவுண்ட் போடலாமா என்றும் யோசிக்கிறேன்.

அடிநாதம்:

ஃப்ரெட் மேல் பழி போடாதீர்கள். ஸ்க்ரூவில் பூட்டிய நீளமான நெக் உள்ள பேஸ்களில் ஜி கம்பியில் 5 முதல் 7 வரை சுரம் சீக்கிரம் சாவது பரவலான குணம். நெக்குக்கே ஒரு சொந்த அதிர்வெண் இருக்கிறது, நீங்கள் வாசிக்கும் சுரம் அதன் பக்கத்தில் வந்தால் கம்பியின் சக்தியை நெக் உறிஞ்சிக்கொள்கிறது. சோதிக்க வேண்டுமானால் பேஸின் தலையில் ஒரு சின்ன இறுக்கியைத் துணி வைத்து மாட்டி அதே சுரத்தை வாசியுங்கள். எடை கூடியதும் அந்தச் சாவு வேறு ஃப்ரெட்டுக்கு நகர்ந்தால் காரணம் நெக்தான். பிடித்திருந்தால் அதற்கென்றே விற்கும் எடையை மாட்டலாம், எனக்குத் தேவைப்பட்டதில்லை. அந்த சி (ஜி கம்பியின் 5ஆம் ஃப்ரெட் சுரம்) நீண்டு நிற்க வேண்டிய இடத்தில் டி கம்பியின் 10ஆம் ஃப்ரெட்டில் வாசித்துவிடுகிறேன், சத்தமும் இன்னும் தடிமனாக வருகிறது.

கம்பி விஷயத்தில் நான் ஃபிளாட்வவுண்ட் கட்சி. பேஸ் கலைஞர் ஜேம்ஸ் ஜேமர்சன், ஃபெண்டரின் இன்னொரு மாடலான பிரிசிஷன் பேஸில் அதை வைத்துத்தான் மோடவுன் (அமெரிக்க இசைத்தட்டு நிறுவனம்) பாட்டுகளின் அடித்தளத்தையே போட்டார். பழைய ஃப்ரெட்டுக்கும் அதுதான் இதம், ரவுண்ட்வவுண்ட் சீக்கிரம் தேய்த்துவிடும்.

நாலுகம்பி:

இங்கே மட்டும் நான் ஒத்துக்கொள்ள மாட்டேன். ஜேமர்சன் வாசித்தது பிரிசிஷன். ஜாஸ் பேஸின் பிரிட்ஜ் பிக்கப் உறுமுவதைக் கேட்க வேண்டும் என்றால் ரவுண்ட்வவுண்ட்தான், பேஸ் கலைஞர் ஜாக்கோ பாஸ்டோரியஸ் தன் 1962 ஜாஸ் பேஸில், அதுவும் ஃப்ரெட் இல்லாத பலகையில், ரவுண்ட்வவுண்ட்தான் போட்டிருந்தார். அதிலும் 1970களின் தொடக்கத்தில் அந்தப் பிக்கப்பை 10 மி.மீ. அளவுக்குப் பிரிட்ஜ் பக்கம் தள்ளினார்கள், உங்களுடையது அந்த மாற்றத்துக்கு முன்னதா பின்னதா என்று அளந்து பாருங்கள். தள்ளியது என்றால் கூர்மை இன்னும் கூடுதலாக இருக்கும். ஃப்ரெட் தேய்மானம் உண்மைதான், ஆனால் மென்மையாக அழுத்துகிறவருக்கு அது வருடக் கணக்கில் ஆகும் விஷயம்.

எதைப் போட்டாலும் கம்பியின் இழுவிசை மாறும், அதனால் மறுபடி வளைவை அளங்கள். பிறகு 12ஆம் ஃப்ரெட்டில் ஹார்மானிக்கையும் (கம்பியை அழுத்தாமல் லேசாகத் தொட்டு எழுப்பும் சுரம்) அழுத்திய சுரத்தையும் டியூனரில் ஒப்பிடுங்கள். அழுத்திய சுரம் கூர்ந்தால் சாடிலைப் பின்னால் தள்ள வேண்டும், தணிந்தால் நெக் பக்கம் கொண்டுவர வேண்டும். எவ்வளவு தள்ளியும் ஈ கம்பி நிலையில்லாமல் அலைந்தால் பிக்கப் மிக உயரத்தில் இருந்து காந்தம் கம்பியை இழுக்கிறது. கடைசி ஃப்ரெட்டை அழுத்திக்கொண்டு ஈ பக்கம் 3 மி.மீ., ஜி பக்கம் 2.5 மி.மீ. இடைவெளிக்கு இறக்குங்கள். ஸ்க்ரூவைத் திருகியும் பிக்கப் அசையவில்லை என்றால் அடியில் இருக்கும் ஸ்பாஞ்ச் இறுகிப் பொடியாகியிருக்கும், அதை மட்டும் தாராளமாகப் புதிதாக மாற்றலாம்.