புதுப்பிப்பு: கிளென் கிராண்ட் ஆர்பராலிஸ், பாதி பாட்டில் காலியான பிறகு

பெங்களூரில் கட்டுப்படியாகும் விலையில் நல்ல சிங்கிள் மால்ட் ஸ்காட்ச் (ஒரே ஆலையில் முளைகட்டிய பார்லியில் வடித்த ஸ்காட்லாந்து விஸ்கி) தேடி எழுதிய இழையில், கிளென் கிராண்ட் ஆலையின் ஆர்பராலிஸைத் திறந்தவுடன் ஆல்கஹால் நெடியே முந்துவதாகச் சொல்லியிருந்தேன். பாதி காலியாகட்டும், தண்ணீர் விட்டும் பாருங்கள் என்று சிலர் யோசனை சொன்னார்கள். இரண்டையும் செய்து பார்த்துவிட்டேன்.

நெடி நன்றாக அடங்கியிருக்கிறது. இப்போது முதலில் எழுவது பச்சை ஆப்பிள், பேரிக்காய். பின்னாலேயே உலர்திராட்சையின் இனிப்பு. முன்பு பர்பன் (அமெரிக்க விஸ்கி) இருந்த பீப்பாய்களிலும் ஷெர்ரி (ஸ்பானிய ஒயின்) இருந்த பீப்பாய்களிலும் முதிர்ந்ததைக் கலந்து செய்கிறார்கள். திராட்சை ஷெர்ரியின் கொடை என்றே நினைக்கிறேன். தண்ணீர் யோசனையை மட்டும் என்னால் ஏற்க முடியவில்லை. இதில் ஆல்கஹால் 40 சதவீதம்தான். ஒரு தேக்கரண்டி விட்டதுமே நடுச்சுவை கரைந்துபோகிறது. சில சொட்டுகள் போதும். ஐஸ் வேண்டவே வேண்டாம்.

மெலிதாக இருக்கிறது என்று என் மைத்துனர் குறைப்பட்டார். எனக்குப் பிடித்ததே அதுதான். ஸ்காட்லாந்தின் ரோதஸ் என்ற ஊரில் 1840-இல் தொடங்கிய இந்த ஆலையின் உயரமான வடிகலன்களில் பியூரிஃபையர் என்ற அமைப்பு உண்டு. கனமான ஆவி அதில் குளிர்ந்து மீண்டும் கலனுக்கே திரும்பிவிடுகிறது. ஆக, இந்த மெலிவு அவர்கள் விரும்பி உண்டாக்கும் குணம்.

பெங்களூரிலேயே தயாராகும் நம் ஊர் சிங்கிள் மால்ட் அம்ருத்தோடு ஒப்பிடச் சொன்னவருக்கு: ஸ்காட்லாந்தில் பீப்பாயிலிருந்து ஆண்டுக்குச் சுமார் 2 சதவீதம் ஆவியாகிறது, பெங்களூரில் அது பல மடங்கு. மரத்தின் சுவையும் இங்கே விரைவாக ஏறிவிடுகிறது. மிளகு வறுவலோடு அம்ருத்தை எடுப்பேன். சாப்பாட்டுக்கு முன் தனியாகப் பருக ஆர்பராலிஸ். அடுத்த பாட்டிலும் வாங்குவேன்.